இரும்புச் சிலந்தியைக் கொன்றவள்

முத்தையாபுரத்தில் லாரிகளுக்கு எடை போடும் மேடையில் நேசக்குமாருக்கு வேலை. ஒரு உப்பு லாரி இறங்கிப் போனால் அடுத்தது வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்கென்றே போனில் ஒரு விளையாட்டு வைத்திருந்தான். ஒரு குட்டி விண்கலத்தை நாலு பக்கமும் பூச்சிகள் மொய்க்க வரும். சுட்டுக்கொண்டே தப்பிக்க வேண்டும். செத்தால் மறுபடி முதல் கட்டம்தான். வழியும் மாறியிருக்கும், கையில் கிடைக்கிற ஆயுதமும் மாறியிருக்கும். பொறுக்கிய கற்கள் மட்டும் மிஞ்சும். அவற்றைக் கொண்டு கலத்தைப் பலப்படுத்திக்கொள்ளலாம். மாதக்கணக்கில் பலப்படுத்தியும் ஏழாவது கட்டத்து இரும்புச் சிலந்தியிடம் அவன் தோற்றுக்கொண்டே இருந்தான்.

மனைவி ஜெப்ஸி கணக்கு டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்து கறி வேகிற நேரத்தில், தனக்கும் அதைச் சொல்லித் தரும்படி கேட்டாள். அவன் சந்தோஷமாகச் சொல்லிக் கொடுத்தான். அவள் இரண்டாம் கட்டத்திலேயே செத்துச் செத்து விழுந்தபோது, பொறுமை வேண்டும் என்று புத்தியும் சொன்னான்.

சில வாரம் கழித்து, போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்தச் சிலந்தி செத்துட்டு. அதுக்கு அங்கிட்டு ஒரு பனிக்காடு வருது, நல்லாருக்கு."

நேசக்குமார் அந்தப் பனிக்காட்டைப் பார்த்ததே இல்லை. கலத்தைத் தான் அவ்வளவு பலப்படுத்தி வைத்திருந்ததால்தான் முடிந்தது என்றான். அவளும் உடனே ஆமாம் என்றாள். அவள் மறுத்திருந்தால்கூட அவனுக்கு இத்தனை எரிந்திருக்காது.

அதன்பின் அவள் போனைக் கேட்டாலே சார்ஜ் இல்லை என்பான். கொடுத்தாலும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பான். அவள் பத்தாவது கட்டம் வரை போய்விட்டாள்.

எடைமேடையில் உடன் வேலை பார்க்கும் ஜெயசிங் ஒருநாள் திரையை எட்டிப் பார்த்தான். இதுவரை போன உச்சம் பத்து என்று அதில் இருந்தது.

"ஏலே, பத்தாவது கட்டமா? பெரிய ஆளுதாம்ல நீ."

நேசக்குமார் மறுக்கவில்லை. ஆடிக் காட்டச் சொல்லி ஜெயசிங் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நாலாவது கட்டத்திலேயே கலம் வெடித்தது. ஜெயசிங் எழுந்து டீ குடிக்கப் போனான். அவன் தலை மறைந்ததும் நேசக்குமார் விளையாட்டையே போனிலிருந்து அழித்துவிட்டான்.

போன் மெதுவாக ஓடியதால் எடுத்துவிட்டதாக வீட்டில் சொன்னான். ஜெப்ஸி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க கல்லெல்லாம் போயிட்டுங்களே."

அப்போதுதான் அது அவனுக்கு உறைத்தது. மறுநாளிலிருந்து லாரிக்கும் லாரிக்கும் நடுவே பொழுது நகரவே மாட்டேன் என்றது.

அந்த வாரக் கடைசியில் அவன் வேலை முடிந்து சீக்கிரம் வந்துவிட்டான். அடுப்படியில் ஜெப்ஸி தன் போனில் அதே விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லாத புதுக் கலம், ஐந்தாவது கட்டம். அவனைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

"சொன்னா உங்க மூஞ்சி வாடிப்போவுது. அதப் பாத்துக்கிட்டு எனக்கு வெளையாடத் தோணல."

தனக்குப் பயந்து ஒளிந்து ஆடியிருக்கிறாள் என்பது அவனை என்னவோ செய்தது. அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"ஏளா, எனக்குப் பொறாமை," என்றான்.

"தெரியும்."

அவள் போனை நிமிர்த்தினாள். மூன்று ஆயுதங்களில் ஒன்றை எடுக்கச் சொல்லித் திரை காத்திருந்தது. எதை எடுக்கலாம் என்று அவனைக் கேட்டாள். அவன் பெரிய பீரங்கியைக் காட்டினான். அவள் யோசித்துவிட்டு, வேகத்தைக் கூட்டும் சக்கரத்தை எடுத்தாள்.

"நீங்க சுடுறதுலயே குறியா இருக்கீங்க. நான் ஓடிக்கிட்டே இருப்பேன்."

மறுநாள் எடைமேடையில் அவன் விளையாட்டைப் புதிதாக இறக்கி முதல் கட்டத்திலிருந்து தொடங்கினான். பத்தாவது கட்டத்துக்குப் போனது தன் மனைவிதான் என்று ஜெயசிங்கிடம் சொல்லிவிட்டான். ஜெயசிங் ஆச்சரியப்பட்டு, ஜெப்ஸி எப்படி ஆடுவாள் என்று விடாமல் கேட்டான். நேசக்குமார் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். சொல்லச் சொல்ல வயிறு எரியத்தான் செய்தது.