மூன்று முறை கழற்றிய கம்பி

பட்டறையில் அவனை எல்லோரும் மைனஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கார் எலெக்ட்ரீஷியன். எந்த வண்டி வந்தாலும் பானெட்டைத் திறந்ததும் பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றி ஓரமாய் மடக்கி வைத்துவிட்டுத்தான் மறுவேலை. ஒருமுறை ஸ்பானர் பட்டுத் தீப்பொறி பறந்து விரல் வெந்ததிலிருந்து வந்த பழக்கம். "பொண்டாட்டி கையைப் பிடிக்கிறதுக்கு முன்னாடியும் இவன் மைனஸைக் கழட்டிருவான்" என்பார் பக்கத்துக் கடை பெயிண்டர். அவனும் சேர்ந்து சிரிப்பான். பதினெட்டு வருடத்தில் ஒரு வண்டியும் அவன் கையில் புகைந்ததில்லை.

அக்காவின் கார்தான் அவனைச் சிரிக்க விடாமல் செய்தது.

அக்கா வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ். பின்சீட்டில் எப்போதும் ஆக்ஸிஜன் சிலிண்டரும் மருந்துப் பெட்டியும் இருக்கும். மாமா போன பிறகு அந்த வேலைதான் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது. கார் அந்த மாதத்தில் இரண்டு முறை நடுவழியில் நின்று அவளைத் தாமதமாக்கியது. இன்னொரு முறை தாமதமானால் வரவே வேண்டாம் என்று மேலாளர் எழுதியே கொடுத்துவிட்டார். மூன்றாவது முறை அது கடைத்தெருவில் நின்றது. விடுமுறை நாள் என்பதால் பிழைத்தாள்.

நோய் எப்போதும் ஒன்றேதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணையும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. இருபது நிமிடம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். பட்டறைக்கு வந்தாலோ, ஆய்வாளர் நுழைந்த வகுப்பறைபோல அப்படியொரு அடக்கம். முதல் முறை பேட்டரி முனைகளைச் சுரண்டித் துடைத்தான். இரண்டாம் முறை பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் விடும் ரிலேயை மாற்றினான். மூன்றாம் முறை எர்த் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து முறுக்கினான். மூன்று முறையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தான். இருமல்கூட இல்லை.

ஞாயிறு மதியம், காரின் கம்ப்யூட்டரை வாசிக்கும் ஸ்கேனர் வைத்திருந்த அடுத்த தெருக்காரரிடம் ஓட்டிப் போனான். அவர் ஸ்டியரிங்கின் கீழே ஒயரைச் செருகித் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணுமே இல்லையே. பொறந்த குழந்தை மாதிரி இருக்கு வண்டி."

"மூணு தடவை நின்னுருக்குங்க. நல்லாப் பாருங்க."

"நின்னிருந்தா எதனாலன்னு உள்ள பதிவாகியிருக்கணுமே. யாராச்சும் பேட்டரியைக் கழட்டினாங்களா? இந்த மாடல்ல கழட்டினா அத்தனையும் அழிஞ்சிரும்."

மூன்று முறையும் கார் தன் நோவை எழுதி வைத்துக்கொண்டுதான் அவனிடம் வந்திருக்கிறது. வாசிப்பதற்கு முன்னால், பத்திரமாய் வேலை செய்கிறோம் என்று, அவனே அழித்திருக்கிறான்.

அக்காவிடம் மறைக்கவில்லை. அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ மறுபடி நின்னாத்தான் என்னன்னு தெரியுமா?"

"ஆமாக்கா."

"நாளைக்கு நிக்கக் கூடாதுடா."

"தெரியும்."

"குத்துமதிப்பா எதையாச்சும் மாத்தேன்."

"நாலு சாமான் மேல சந்தேகம். இன்னிக்கு ஒரு கடையும் திறக்கல. திறந்திருந்தாலும் எதை மாத்தறது?"

"பதினெட்டு வருஷமா ஊர் வண்டியெல்லாம் பாக்கறே. என் வண்டிக்கு மட்டும் கண்ணைக் கட்டிக்கிட்டியா?" என்றாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள், குரல் பாதியில் உடைந்தது.

மறுநாள் அரை மணி முன்னதாகவே கிளம்பினார்கள். இரவல் வாங்கிய ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். நிற்காதே, நிற்காதே என்று மனசு வேண்டியது. ஒரே ஒரு தரம் நின்றுதான் காட்டேன் என்று கை துடித்தது. எதை நினைப்பதென்றே தெரியவில்லை.

பாலத்தின் மேல் நெரிசல். வண்டிகள் ஊர்ந்தன, முன்கூட்டிக் கிளம்பிய அரை மணியும் அதிலேயே கரைந்தது. வெப்பமானி முள் லேசாக ஏறியது. பாதிப் பாலத்தில் இன்ஜின் மூச்சுவிடாமல் அடங்கியது.

இந்த முறை அவன் எதையும் கழற்றவில்லை. ஒயரைச் செருகினான். திரையில் ஒரே ஒரு வரி வந்தது: கிராங்க் சென்சார். இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் விரல் நீளச் சாமான். சூடேறினால் மயங்கும், ஆறினால் விழிக்கும்.

"கண்டுபிடிச்சிட்டேன்க்கா!" என்று கத்தியே விட்டான்.

"சரி பண்ணு."

புதுச் சாமான் வேண்டும். ஆறவைக்கலாம் என்று அவளுடைய குடிதண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய் ஊற்றினான். சென்சார் இன்ஜினுக்குப் பின்னால் ஆழத்தில் இருந்தது. தண்ணீர் வழியிலேயே ஆவியானது, மணிக்கட்டு பொசுங்கியதுதான் மிச்சம். டாக்ஸி ஒன்றை மறித்தான். ஓட்டுநர் பின்சீட்டுச் சிலிண்டரை எட்டிப் பார்த்தார். "இதை ஏத்தினா நானும் சேர்ந்து மேல போகணும்பா" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அடுத்தது நிற்கவேயில்லை.

அக்கா மேலாளரை அழைத்தாள். "பாலத்துல நிக்கிறேன் சார்... ஆமா சார், அதே வண்டிதான்... என்ன பிரச்சினைன்னு இப்போ தெரிஞ்சிருச்சு சார், சாயந்திரத்துக்குள்ள..." பிறகு வெறும் "சரிங்க சார்" மட்டும், நான்கைந்து முறை.

போனை மடியில் வைத்தாள்.

"வேற நர்ஸை அனுப்பிட்டாங்களாம். சிலிண்டரை நாளைக்குள்ள கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்றார்."

"நான் வந்து பேசவா? தப்பு என்மேலதான்னு..."

"என்னன்னு பேசுவே?"

பின்னால் ஹாரன்கள் வரிசையாய் அலறின. இருபது நிமிடம் ஆனதும் அவள் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஒரே பிடியில் பிடித்து, அழகாக உறுமியது.

"எங்கடா போறது?" என்றாள் அக்கா.