ஐந்தருவியில் கூடிய பாடத்திட்டக் குழு

பொன்செல்விக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவாள். அந்தத் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குள் மூன்று முறை கழற்றிவிட்டாள். பாடத்திட்டக் குழுவின் கூட்டம் பதினொரு மணிக்கு. ஏழு ஆசிரியர்களில் வந்து உட்கார்ந்திருந்தது அவள் ஒருத்திதான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் நடக்கிற சமுதாயக் கல்லூரி அது. எல்லாம் ஒரு வருட டிப்ளமோ. தையல், கம்ப்யூட்டர், எலெக்ட்ரிகல், நோயாளி பராமரிப்பு என்று பாடங்கள். உணவுப் பதப்படுத்தல் பாடத்துக்குப் பொன்செல்வி. அச்சன்புதூர்க்காரி, வாயும் கையும் சேர்ந்தே ஓடும்.

அவளுடைய பாடத்திட்டம் இருக்கிறதே, அதை எழுதிய மகராசன் குற்றாலத்தைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டான். ஸ்ட்ராபெரி ஜாம், ஆப்பிள் ஸ்குவாஷ், செய்முறைப் பயிற்சி டிசம்பரில். தாளாளர் தில்லைநாயகம் அண்ணாச்சி எங்கோ மலைநாட்டுக் கல்லூரியிலிருந்து வாங்கிவந்து, மேலே பெயரை மட்டும் மாற்றி, சுற்றுக்கு விட்டுவிட்டார். அண்ணாச்சி கொடுக்கிற தாளை வாசித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று அங்கே எல்லாருக்கும் ஒரு நினைப்பு. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பொன்செல்வியும் அப்படித்தான் போட்டாள். அதை நினைத்தால் அவளுக்கு இன்னும் வயிறு எரியும்.

அவள் வகுப்பில் பதினொரு பிள்ளைகள் குற்றாலத்துக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் சீசன். சாரல் விழுந்துவிட்டால் அந்தப் பதினொரு பேரும் வகுப்புக்கு வர மாட்டார்கள், வரவும் முடியாது. வருடம் முழுக்கச் சாப்பிடுகிற சோறு அந்த மூன்று மாதத்தில்தான் வேக வேண்டும். ஆனால் எழுபத்தைந்து விழுக்காடு வருகை இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. ஐந்தருவியில் நேந்திரம் சிப்ஸ் போடுகிற சுல்தான் பீவியின் மகள் நூர்நிஷா போன வருடம் அப்படித்தான் பரீட்சை எழுதாமல் போனாள். இந்த வருடம் மறுபடியும் பணம் கட்டிச் சேர்ந்திருக்கிறாள். இந்தத் தடவையும் போனால் அவளை யாரும் மூன்றாவது தரம் அனுப்பப் போவதில்லை.

சீசன் மாதங்களையே செய்முறைப் பயிற்சிக் காலமாக மாற்றிவிட்டால் என்ன என்று பொன்செல்விக்குத் தோன்றியது மே மாதத்தில். அண்ணாச்சியிடம் கேட்டாள். "சிலபஸ மாத்துததெல்லாம் நிர்வாகம் பாத்துக்கிடும்மா, நீ பாடத்த நடத்து" என்றார். விடுவாளா? முதல்வர் கௌரிசங்கரின் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த விதிப்புத்தகத்தை உருவி இரண்டு நாள் உட்கார்ந்து வாசித்தாள். பதினான்காவது விதி அவளுக்காகவே எழுதினது மாதிரி இருந்தது.

'பாடத்தின் பொருள், வரிசை, செய்முறைக் காலம் ஆகியவற்றை ஆசிரியர்கள் அடங்கிய பாடத்திட்டக் குழுவே பெரும்பான்மை வாக்கால் தீர்மானிக்கும். நிர்வாகப் பிரதிநிதி கருத்துக் கூறலாம், வாக்களிக்க இயலாது. குறைந்தது ஐந்து ஆசிரியர்கள் இல்லாமல் கூட்டம் செல்லாது.'

தீர்மானம் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச்சேரக் கடைசி நாள் அந்தத் திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி. எல்லாரும் இருப்பார்களே என்று கூட்டத்துக்கும் அந்த நாளையே கேட்டு வாங்கினாள் பொன்செல்வி. இந்த ஊர்க்காரி செய்யலாமா அந்தத் தப்பை? ஜூன் மாதத்தில் தென்காசியில் எவனாவது வானத்தைக் கேட்காமல் கூட்டம் வைப்பானா?

ஞாயிற்றுக்கிழமை மலையில் கொட்டித் தீர்த்தது. அருவிகளில் குளிக்கத் தடை போட்டார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஐந்தருவியில் தடையை எடுத்துவிட்டார்கள் என்று எல்லார் போனுக்கும் செய்தி வந்தது. அவ்வளவுதான். சீசனின் முதல் தண்ணீரில் தலை நனைக்காதவன் அந்த ஊர்க்காரனே இல்லை. ஆசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராகத் துண்டோடு மாயமானார்கள்.

"அஞ்சு பேரு இல்லையம்மா. கூட்டம் செல்லாது. பழைய சிலபஸே போவட்டும்" என்றார் அண்ணாச்சி. அவருக்கு ஒன்றும் குரூர புத்தி கிடையாது. ஆனால் அன்றைக்கு முகத்தில் சிரிப்பை மறைக்கத் தெரியவில்லை. அவர் கார் பின்சீட்டிலேயே எண்ணெய்ப் பாட்டிலும் துண்டும் இருந்ததைப் பொன்செல்வி படியேறும்போது பார்த்திருந்தாள்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். நான்காவது தடவை.

"சார், கூட்டம் எங்க நடக்கணும்னு விதியில இருக்கா?"

கௌரிசங்கர் பக்கங்களைப் புரட்டினார். பயந்த மனிதர். அண்ணாச்சி இருமினால் இவர் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார். ஆனால் எழுத்தில் இருப்பதை இல்லை என்று சொல்ல அவருக்கு வராது.

"இடத்த தலைவர் தீர்மானிக்கலாம்னு போட்டிருக்கு."

"தலைவர் யாரு?"

"நான்தான்" என்றார் கௌரிசங்கர். சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. அண்ணாச்சியைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "கூட்டம் ஐந்தருவியில நடக்கும். பன்னெண்டர மணிக்கு."

"நல்லாருக்குவே!" என்று அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "வாங்க, என் கார்லயே போவோம். நானும் குளிக்கணும்லா."

ஐந்தருவியில் ஆளைத் தேடுவது லேசுப்பட்ட காரியமா? நனைந்த தலை எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஆசிரியர் கிங்ஸ்லி உடம்பு முழுக்க எண்ணெயோடு மசாஜ் பலகையில் குப்புறக் கிடந்தான். "ஏலே கிங்ஸ்லி, எந்திலே, கூட்டம்!" என்று பொன்செல்வி போட்ட சத்தத்தில் பக்கத்துப் பலகைக்காரரும் சேர்ந்து எழுந்துவிட்டார். தையல் ஆசிரியை உமா மகேஸ்வரியையும், நோயாளி பராமரிப்பு பர்சானாவையும் பெண்கள் வரிசையிலிருந்து இழுத்து வந்தாள். எலெக்ட்ரிகல் ஞானசம்பந்தம் அருவிக்கு அடியில் கண்ணை மூடி நின்றார். அவரைக் கூட்டிவர ஒரு போலீஸ்காரர் விசில் ஊத வேண்டியிருந்தது. மீதி இரண்டு பேர் பழைய குற்றாலம் போய்விட்டார்களாம். போகட்டும். ஐந்து பேர் சேர்ந்தாயிற்று.

சுல்தான் பீவியின் கடை பெஞ்சில் சொட்டச் சொட்ட உட்கார்ந்தார்கள். நூர்நிஷா பெரிய இரும்புச் சட்டியில் நேந்திரங்காய் சீவிப் போட்டுக்கொண்டிருந்தாள். கொதிக்கிற தேங்காயெண்ணெய் மணத்தில் கௌரிசங்கர் கோப்பைத் திறந்து தீர்மானத்தை வாசித்தார். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடைகளிலும் தோப்புகளிலும் செய்முறைப் பயிற்சி. ஆசிரியை நேரில் வந்து நடத்தி வருகை பதிவார். ஸ்ட்ராபெரிக்குப் பதில் பலா, ரம்புட்டான், மங்குஸ்தான், நேந்திரம்.

"ஒரு வார்த்த பேசலாம்லா?" என்று அண்ணாச்சி எழுந்தார். இப்போது சிரிப்பு இல்லை. "இந்தப் பிள்ளைய பூரா சட்டி முன்னால வேகாம, நாலு எழுத்துப் படிச்சு வெளிய போவட்டும்னுதான் காலேஜே ஆரம்பிச்சேன். நீங்க அதே சட்டிக்கு முன்னாலயே நிப்பாட்டி மார்க்கு போடணுங்கிய. இதுக்கு எதுக்கும்மா காலேஜு? இப்ப யாரு கையத் தூக்குதியன்னு நானும் பாக்கேன்."

யாரும் தூக்கவில்லை. கிங்ஸ்லி தரையைப் பார்த்தான். ஞானசம்பந்தம் துண்டைப் பிழிந்தார். அண்ணாச்சி கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் பொன்செல்வி ஒரு பிடி பிடித்திருப்பாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சட்டென்று திரும்பினாள்.

"ஏட்டி நூர்நிஷா, போன சீசன்ல நீ போட்ட ரம்புட்டான் ஸ்குவாஷ் என்னாச்சு?"

"மூணே நாள்ல புளிச்சுட்டு மேடம்."

"ஏன் புளிச்சுது?"

நூர்நிஷா கரண்டியை நிறுத்தினாள். எல்லாரும் தன்னையே பார்ப்பது தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் சொன்னாள்.

"தெரியல மேடம். அது தெரியணும்னுதான் காலேஜுல சேந்தேன். பழம் இருக்க மாசம் நான் இங்கன நிக்கேன். நான் அங்கன வாற மாசம் பழம் இல்ல. சீசன் முடிஞ்சா கூடை கூடையா ஓடையில கொட்டுதோம். கெடாம அடைக்கத் தெரிஞ்சா வருசம் பூரா விப்போம். உம்மாவும் இந்தப் புகையில நிக்காண்டாம்."

முதலில் கையைத் தூக்கியது உமா மகேஸ்வரி. வளையல் வழியாக இன்னும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அடுத்து பர்சானா. ஞானசம்பந்தம் துண்டோடு சேர்த்தே கையைத் தூக்கினார். கிங்ஸ்லி எண்ணெய் வழிகிற கையைத் தூக்கினான். பொன்செல்வியின் கை எப்போதோ மேலே போயிருந்தது.

அப்போது ஆறாவதாக ஒரு கை எழுந்தது. அண்ணாச்சியின் கை.

கௌரிசங்கருக்கு வேர்த்தது. விதிப்புத்தகத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி, மன்னிக்கணும். உங்களுக்கு ஓட்டு கிடையாது."

"நான் ஆதரவாத்தானவே தூக்குதேன்!"

"ஆதரவுன்னாலும் கிடையாது அண்ணாச்சி. கருத்துச் சொல்லலாம்."

அண்ணாச்சி கை நிறையச் சிப்ஸை அள்ளிக்கொண்டு, "அப்பம் என் கருத்த எழுதிக்கிடும்" என்றார். "இத பதினோரு வருசம் முன்ன, காலேஜு ஆரம்பிச்சப்பவே எவளாவது என்ட்ட சொல்லியிருக்கலாம். எழுதுனீரா? சரி, நான் குளிக்கப் போறேன்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார்.

ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் வாசித்துத்தான் போட்டார்கள், கிங்ஸ்லி இரண்டு எழுத்துப்பிழைகூடக் கண்டுபிடித்தான். தாளைப் போனில் படம் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார் கௌரிசங்கர். மணி ஒன்றே முக்கால்.

"மேடம், அப்பம் எனக்கு ஹால் டிக்கெட் வருமா?" என்றாள் நூர்நிஷா. கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது.

வாயைத் திறந்தால் பொன்செல்வியும் அழுதிருப்பாள், அதை ஆசிரியர்கள் முன்னால் செய்வாளா? கௌரிசங்கரின் கோப்பிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை வாங்கி, தேதி போட்டு, முதல் செய்முறை வகுப்பு, வருகைப் பதிவு என்று எழுதினாள். நான்கு பேர் சிப்ஸ் கேட்டு நின்றதை அவள் கண்டுகொள்ளவே இல்லை.

"நூர்நிஷா!" என்று வகுப்பில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள்.

சட்டிக்குப் பின்னாலிருந்து, அருவியையும் மீறி, கடைத்தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி பதில் வந்தது.

"உள்ளேன் மேடம்!"