எஞ்சின் இல்லாத ஒற்றன் கார்

1

நான் கட்டுரை எழுதத்தான் போனேன். பல வருடங்களாக வந்துகொண்டிருக்கும் ஒரு ஒற்றன் படவரிசையின் கார்களைப் பற்றி. ஐந்தாம் படத்தில் ஒற்றன் ஓர் அணையின் மேல் ஓட்டிய வெள்ளிநிறக் கார், வெள்ளகோவிலில் எண்ணெய் மில் வைத்திருக்கும் தனபாலிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கட்டுரை அங்கேயே நின்றுபோயிற்று.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘அணையின் மேல் அந்தக் கார் சீறிக்கொண்டு...’

(அடித்துவிட்டேன். அந்தக் காரால் சீற முடியாது.)

2

படத்துக்கு ஒரே மாதிரி மூன்று கார் செய்வார்களாம். ஓட்ட ஒன்று, உருட்டிவிட ஒன்று, நாயகன் உட்கார்ந்து முகம் காட்ட ஒன்று. கோவையில் ஏலம் எடுத்த தனபாலுக்கு வாய்த்தது மூன்றாவது. லாரியிலிருந்து இறக்கி பானெட்டைத் திறந்தபோதுதான் உள்ளே எஞ்சின் இல்லை என்று தெரிந்தது. மில் ஆட்கள் சிரித்தார்கள்.

தனபாலை ஏமாளியாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவர் அதை வாங்கியது மனைவி புவனாவுக்காக. அந்தப் படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தவர் புவனா. இரண்டு வருடங்களுக்கு முன் காங்கேயம் சாலையில் புவனா ஓட்டிய கார் ஒரு வளைவில் கவிழ்ந்து மகள் லாஸ்யாவின் கை முறிந்தது. கை கூடிவிட்டது. புவனா அதன்பின் எந்தக் காரிலும் முன்பக்கம் உட்காரவில்லை. அந்தப் படங்களையும் பார்ப்பதில்லை.

3

மில் ஆட்கள் போனபின் புவனா வெளியே வந்தார். காரை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு கதவைத் திறந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

தனபால் பக்கத்தில் போய் நின்று, பயமாக இல்லையா என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

“இது எங்கயும் போகாதுங்க. அதனாலதான் உக்கார முடியுது.”

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அதில் உட்கார்ந்தார். தனபாலும் பக்கத்தில் ஏறிக்கொள்வார். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போகிற பாதையை புவனா வாயாலேயே ஓட்டிக்கொண்டு போவார். கார் கவிழ்ந்த காங்கேயம் வளைவு வந்ததும் நின்றுவிடுவார். ஒருநாள் அந்த வளைவிலும் திருப்பினார். தாண்டியதும் அழுதார் என்று தனபால் சொன்னார். (புவனா இல்லை என்கிறார். இருவரையும் நம்புகிறேன்.)

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் புவனா நிஜக் காரை ஓட்டிக்கொண்டு மாசாணியம்மன் கோயிலுக்குப் போகிறார். இன்னொன்றில் ஒற்றன் காரிலேயே உட்கார்ந்திருக்கிறார். இரண்டையும் அவரிடம் படித்துக் காட்டினேன்.

“நீங்க எழுதிப்போட்டீங்கன்னு நான் ஓட்ட முடியாதுங்க” என்றார்.

சொல்லிவிட்டு எழுந்து போய், வாசலில் நின்ற நிஜக் காரில் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். எஞ்சின் உள்ள கார். தனபால் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வீட்டுக்குள்ளிருந்து லாஸ்யா வந்தாள். எதுவும் கேட்காமல் முன்பக்கம் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

“கண்ணு, பின்னால உக்காரு.”

“இங்கயே இருக்கறேம்மா.”

நான் கேட்டுக்குப் போய் இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தேன். எழுதுகிறவனால் அவ்வளவுதான் முடியும். கார் இன்னும் கிளம்பவில்லை. படிக்கிற நீங்கள் சாலையில் நிற்கிறீர்கள். கொஞ்சம் ஓரமாக நின்று வழிவிடுங்கள்.