கீழே வைக்கக் கூடாத கல்

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மாதி கான்பரன்ஸ் ஹாலுக்குள் ஓடி வந்தபோது மேஜை துடைத்து விட்டதுபோல் காலியாக இருந்தது. தலையாட்டி பொம்மை இல்லை, காஷ்மீர் சால்வை இல்லை, மூங்கில் கூடை இல்லை. அவளுடைய கல்லும் இல்லை.

எலுமிச்சம்பழ அளவுக் கல். ஓடைத் தண்ணீரில் உருண்டு உருண்டு வழவழத்துப் போனது. இடுப்பில் நூல் சுற்றினாற்போல ஒரு வெள்ளைக் கோடு, ஓரிடத்தில் மட்டும் அறுந்தது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால், அப்பா செத்த அன்று, முழங்கால் தண்ணீரில் இறங்கி அவளே பொறுக்கி எடுத்தது.

கோத்தகிரிக்குக் கீழே, காட்டோரம், பதினோரு வீடு கொண்ட குறும்பர் ஊர் அவளுடையது. அந்த ஊர் வழக்கப்படி இறந்தவருக்கு ஒரு கல். மூத்த பிள்ளை எடுத்து வைத்திருந்து, குறித்த நாளில், முன்னோர்களின் கற்கள் வரிசையாக இருக்கும் சின்னக் கல்வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதுவரை கல் தரையைத் தொடக் கூடாது. எந்த இடத்தில் தரையில் வைக்கிறார்களோ அதுதான் இறந்தவருக்கு வீடு. பிறகு நகர்த்தக் கூடாது.

நாளைக் காலை பத்து மணிக்கு அப்பாவை வைக்க வேண்டும். மேட்டுப்பாளையம் பஸ் இன்று இரவு ஏழு மணிக்கு ஓசூர் ரோட்டில் நிற்கும்.

சாவுக்குக் கம்பெனி கொடுத்த லீவு மூன்று நாள். அதனால்தான் கல்லோடு எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் திரும்பி வந்தாள். ஹாஸ்டலில் துணியில் முடிந்து ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். "இன்னாடி, உறியில வெண்ணெயா?" என்று அறைத்தோழிகள் கிண்டல் செய்தார்கள். சிரித்து வைத்தாள்.

இன்று காலை கேட்டில் செக்யூரிட்டி பையைத் துழாவியபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது.

"கல்லெல்லாம் உள்ள எடுத்துனு போகக் கூடாது. யார் மண்டைய ஒடைக்கப் போறே?"

தட்டுத் தடுமாறி அவள் விளக்கம் சொல்ல, பின்னால் நின்ற ஹெச்.ஆர். ஸ்ரீலக்ஷ்மியின் கண்கள் பளிச்சென்று மின்னின. பண்பாட்டு வாரம் நடத்துகிறவள் அவள்தான். ஆளுக்கொரு பொருள் கொண்டு வாருங்கள் என்று திங்கட்கிழமையிலிருந்து எல்லோரையும் அரித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒன்றும் இல்லை மேடம் என்று மாதி இதுவரை தப்பித்து வந்தாள்.

"இவ்ளோ அழகான விஷயத்த வெச்சுண்டு ஒண்ணுமில்லேன்னியா? நானூறு பேர்ல ட்ரைபல் நீ ஒருத்திதாம்மா. இன்னிக்கு ஃபாரின் கெஸ்ட் வரா. ரெண்டே மணி நேரம். ப்ளீஸ்!"

மாதியின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள் இதே ஸ்ரீலக்ஷ்மி. மாதி பையிலிருந்து துணி முடிச்சை எடுத்து நீட்டினாள்.

"துணியோட மேஜையில இருக்கட்டும் மேடம். கீழ மட்டும் வைக்கக் கூடாது. கீழ வைக்கவே கூடாது."

"ப்ராமிஸ்!"

பிறகு அதன் முன்னால் 'பழங்குடிக் கல்' என்று இங்கிலீஷில் ஒரு அட்டை நின்றது. ஊர்ப் பெயர் இல்லை, இனத்தின் பெயர் இல்லை, அப்பாவின் பெயரும் இல்லை. ஒரு வெள்ளைக்காரர் அதைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்ததைத் தூரத்திலிருந்து பார்த்து அவள் பாதி எழுந்தாள். ஆனால் ஷிஃப்ட். சீட்டை விட்டு நகர முடியவில்லை.

ஹால் மூலையில் ஹவுஸ்கீப்பிங் தனக்கோடி பெருக்கிக்கொண்டிருந்தாள். சிவாஜிநகர்க்காரி, வாய் ஓயாது.

"அக்கா, இங்க ஒரு துணியில கல்லு இருந்துச்சே?"

"அந்த அழுக்குத் துணியா? தோய்க்கப் போட்டேன்மே. மேஜைய அரை மணியில காலி பண்ணச் சொன்னாங்கோ. பொம்மை, சால்வைலாம் மேடம் ரூமுக்குப் போச்சு."

"கல்லு?"

"தோட்டக்கார முனிராஜுதான் எடுத்துனு போனாரு. ஏன், இன்னா ஆச்சு? மூஞ்சி ஏன் இப்டிப் போச்சு?"

முனிராஜ் அத்திபெலேக்காரர். ஐம்பது வயது, பத்து வருஷமாய் இந்தக் கட்டடத்துச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறவர். பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் நிதானமாக நிமிர்ந்தார்.

"ஓ, அதா? ரிசப்ஷன்ல மூங்கில் செடி சுத்திக் கூழாங்கல் போட்டிருக்கோமில்ல, அதுலேர்ந்து யாரோ சும்னே எடுத்துனு போய் மேஜைல வெச்சிட்டாங்கன்னு நெனச்சேன். தெனம் ஒருத்தர் எடுக்கறாங்க மேடம், பேப்பர் மேல வைக்க. அதான் அது எடத்துலயே போட்டுட்டேன்."

மாதி அதற்கு மேல் கேட்கவில்லை. ஓடினாள்.

வரவேற்பறைக் கண்ணாடிச் சுவரோரம் இருபதடி நீளத்துக்குக் கூழாங்கற்கள். ஏதோ ஒரு ஆற்றிலிருந்து லாரியில் வந்தவை. ஆயிரமா, ஐயாயிரமா? எல்லாமே வழவழப்பு. சற்றுமுன் விட்ட தண்ணீரில் எல்லாமே ஒரே நிறம். வெள்ளைக் கோடு போட்டவையும் நூறு இருக்கும்.

மண்டி போட்டாள். ஒன்றை எடுத்தாள், பார்த்தாள், வைத்தாள். அடுத்தது. அடுத்தது. நகம் ஒடிந்தது. சோபாவில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

"மாதி! என்ன பண்றே? கெஸ்ட் இன்னும் மாடியிலதான் இருக்கா!" ஸ்ரீலக்ஷ்மி செருப்பு சடசடக்க வந்தாள்.

"எங்கப்பா மேடம். இதுக்குள்ள எங்கப்பா."

ஸ்ரீலக்ஷ்மிக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முகம் வெளுத்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் உட்கார்ந்துவிட்டாள். தனக்கோடி துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள். முனிராஜ் தலையில் அடித்துக்கொண்டு வந்தார்.

ஆறேகாலுக்கு, மூங்கில் தூருக்குப் பக்கத்தில், மாதியின் விரல்கள் அதைத் தொட்டன. இடுப்புக் கோடு ஓரிடத்தில் மட்டும் அறுந்திருந்தது. அதே கல்.

"அப்பாடா! கெடச்சுடுத்து!" ஸ்ரீலக்ஷ்மி கைதட்டினாள். "கிளம்பு, கிளம்பு! கம்பெனி கார்லயே பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடச் சொல்றேன்."

மாதி கல்லை எடுக்கவில்லை. தொட்ட விரலை அப்படியே வைத்துக்கொண்டு இன்னொரு கையால் சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். டவர் கிடைக்கும் பாறையில் அவளுக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

"பஸ் ஏறிட்டியா சாமி? பந்தல் போட்டாச்சு. உங்கம்மா காலைலருந்து பச்சத்தண்ணி குடிக்கல."

"சித்தப்பா, கல்லு..." நடந்ததைச் சொன்னாள்.

மலைக்காற்றின் இரைச்சலுக்கு நடுவே சித்தப்பா கேட்டார்.

"தெரியாத ஆளு போட்டதுன்னு சொன்னே. மேஜைக்கு எடுத்துக் குடுத்தது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீயே வெச்ச கணக்குதான். மண்ணுல பட்டுச்சா? பொய் சொல்லாத."

பொய் சொல்லியிருக்கலாம். துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு போனால் யாருக்குத் தெரியும்? பந்தல் இருக்கிறது, பட்டினி கிடக்கும் அம்மா இருக்கிறாள். ஆனால் கல்வீட்டுக்குள் தாத்தாவுக்குப் பக்கத்தில் வெறும் கல்லை வைத்துவிட்டு, அப்பாவை இங்கே விட்டுவிட்டுப் போவதா?

"பட்டிருச்சு சித்தப்பா. ஈரமண்ணு."

"அப்ப எங்கண்ணன் அங்கதான்." அவர் குரல் உடைந்தது. "எடுக்காத. எடுத்தா அங்கயும் இல்ல, இங்கயும் இல்லன்னு அலைவான். உங்கம்மாகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்..." லைன் அறுந்தது.

மாதி விரலை எடுத்தாள்.

"என்னம்மா? பஸ்ஸுக்கு நேரமாறது," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. மாதி சொன்னதும் அவள் கண் கலங்கிவிட்டது. "அப்போ... இங்கயே இருக்கட்டுமே. நான் அட்மினுக்கு மெயில் போடறேன். யாரும் தொட மாட்டா."

முனிராஜ் காலை மாற்றி நின்றார்.

"மேடம், யுகாதிக்கு முன்னாடி இதெல்லாம் வாரிடுவோம். வருஷா வருஷம் காண்ட்ராக்ட். புதுக் கல்லு வரும்."

"பழசு எங்க போவும்?" தனக்கோடிதான் கேட்டாள்.

"கொத்தில்ல, எனக்குத் தெரியாது. லாரிக்காரன் எங்கயாவது பள்ளத்துல கொட்டுவான்."

யுகாதிக்கு இன்னும் ஏழு வாரம்.

மணி ஏழடித்தது. ஓசூர் ரோட்டில் பஸ் வந்து, நின்று, போயிருக்கும். கெஸ்ட்டுகள் லிஃப்டிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ஸ்ரீலக்ஷ்மி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்களை வழியனுப்ப ஓட வேண்டியதாயிற்று.

காலையில் பையைத் துழாவிய அதே செக்யூரிட்டி மாதியின் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஏம்மா, இது விசிட்டர் உக்கார்ற எடம். ஸ்டாஃப்லாம் இங்க உக்காரக் கூடாது. எழுந்திரு."

மாதி கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"விசிட்டர்தாண்ணா," என்றாள். "எங்கப்பாவப் பாக்க வந்திருக்கேன்."