பாதி நாலு, பாதி அஞ்சு

பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுச் சொந்த வாயால் சத்தியம் செய்கிறேன்: இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்க்கு ஞாபகசக்தி வேண்டும், அது எனக்குப் போய்விட்டது.

பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தராசு என்று பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். அவனுடைய அக்கா புருஷன் கார் பட்டறை வைத்திருந்தார். மனைவியின் அண்ணன் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். முன்னவர் அவனுக்கு அத்தான், பின்னவர் மச்சான்; நமக்கும் அப்படியே இருக்கட்டும். ஏதோ ஒரு கல்யாண போட்டோவில் அத்தானின் தலை மச்சானின் முகத்தை மறைத்துவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. அத்தான் தன் வீட்டில் தும்மினால் மூன்று தெரு தள்ளி மச்சான் ஜன்னலைச் சாத்துவார். நடுவில் மாட்டியவன் தராசு. ஒரு வீட்டில் சாப்பிட்டால் ஏப்பம் வருவதற்குள் மற்ற வீட்டிலும் உட்கார்ந்தாக வேண்டும். இடது கன்னத்தை அத்தான் வீட்டுக் கண்ணாடியிலும் வலது கன்னத்தை மச்சான் வீட்டுக் கண்ணாடியிலும் பார்த்துச் சவரம் செய்துகொள்வான். வழியில் பார்த்தவர்கள் அண்ணனும் தம்பியும் போகிறார்கள் என்று இரண்டு வணக்கம் வைத்ததுண்டு.

அவன் மகளுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீடு மலைமேல். பெண் வீட்டில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒன்றாக வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். இதே சண்டையை மோப்பம் பிடித்து ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பையனைப் பெண்ணுக்கும் பிடித்திருந்தது. தராசு இரண்டு வாசலிலும் போய் அழுதான். ஒரே அளவு அழுதான் என்று கேள்வி. இருவரும் அவன் காரிலேயே வருவதாக ஒத்துக்கொண்டார்கள்.

கார் பழையது, மலையோ நெட்டுக்குத்து. பிரேக் ஆயிலை மாற்றாமல் இறங்கக் கூடாது என்று இருவருமே தனித்தனியாகச் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்கள் ஒத்துப்போனது. பிறகு ஆளுக்கொரு பாட்டில் வந்து சேர்ந்தது.

அத்தான் கொடுத்தது டாட் நாலு, தேன் நிறம். "உன் காருக்கு இதுதான்டா. அந்தக் கடைக்காரன் பேச்சைக் கேட்டு எதையாவது ஊத்தினே, நான் ஏற மாட்டேன்."

மச்சான் கொடுத்தது டாட் அஞ்சு, சிலிக்கோன் வகை, கத்தரிப்பூ நிறம். "நாலை விட அஞ்சு பெருசா இல்லையா மாப்ள? பெயிண்ட்ல சிந்தினாக்கூட ஒண்ணும் பண்ணாது. பட்டறைக்காரர் சரக்குன்னா என்னை விட்டுடுங்க."

டாட் என்பது பிரேக் ஆயிலின் ரகம்; அதன் நம்பர் செருப்பு நம்பர் மாதிரி. பெரிய நம்பர் உசத்தி என்று கிடையாது, காலுக்கு எது பொருந்துமோ அதுதான். இரண்டும் அதனதன் காரில் நல்ல ஆயில்தான். ஒரே தொட்டியில் ஊற்றினால் கலக்காது; ஒன்றின் மேல் ஒன்று முறைத்துக்கொண்டு நிற்கும்.

நான் மதில்மேல் கையூன்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தராசு பழைய ஆயிலை வடித்துவிட்டு இரண்டு பாட்டிலையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி முந்தானையால் தொட்டியின் மூடியைத் துடைத்தாள்.

"இந்தாங்க, மூடியிலேயே நாலுன்னு போட்டிருக்கு. இதுக்கு எதுக்குப் பஞ்சாயத்து?"

"உங்க அண்ணன் குடுத்ததை என்ன பண்றது?"

"கழுவி ஊத்துங்க. அவன்கிட்ட நான் பேசிக்கறேன்."

"மூடிக்கென்ன, அது நம்ம வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காரப் போகுதா?" என்றான். பாதி இதை ஊற்றினான், பாதி அதை ஊற்றினான். தொட்டியில் கீழே தேன், மேலே கத்தரிப்பூ. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

காலையில் கிளம்பினார்கள். முன்சீட்டில் ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் நடந்தே வருவதாகச் சொன்னதால் அது காலி. பின்னால் இடது ஜன்னலில் அத்தான், வலது ஜன்னலில் மச்சான், நடுவில் பழக்கூடை. மலைமேல் பேச்சு நல்லபடியாக முடிந்தது. தேதியும் குறித்தாயிற்று. பெண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னான். அந்தச் சிரிப்பு மதில் தாண்டி எனக்கும் கேட்டது.

இறக்கத்தில் மூன்றாவது வளைவிலேயே பெடல் பஞ்சு மூட்டையாகிவிட்டது. தராசு வாயைத் திறக்கவில்லை. திறந்தால் யார் ஆயில் என்ற கேள்வி வரும். அடுத்த வளைவில் பெடல் தரையைத் தொட்டு அங்கேயே தங்கிவிட்டது. கார் போன வேகத்தில் அதன் நிழல் பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"கியரைக் குறைடா!" என்றார் அத்தான்.

"ஹேண்ட் பிரேக்கைப் பிடிங்க மாப்ள!" என்றார் மச்சான்.

இரண்டும் சரியான யோசனை. தராசு ஹேண்ட் பிரேக்கைப் பாதி இழுத்தான். கியரைப் பாதி குறைத்தான். பாதி குறைத்த கியருக்கு நியூட்ரல் என்று பெயர். கார் கட்டவிழ்ந்தது.

இனி ஒரு வழிதான். காரின் ஒரு பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து நிறுத்த வேண்டும். இடப்பக்கம் மலைப்பாறை, வலப்பக்கம் கைப்பிடிச் சுவர். பாறையில் தேய்த்தால் அத்தான் போவார். சுவரில் தேய்த்தால் மச்சான் போவார். தராசு கண்ணாடியில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அப்போது அத்தான் சொன்னார்: "என் பக்கம் தேய்டா. பரவாயில்ல. அவருக்குச் சின்னப் பிள்ளைங்க இருக்கு."

மச்சான் கூடையைத் தள்ளிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சும்மா இருங்க. மாப்ள, என் பக்கம் ஒடிங்க. பெரியவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க அக்கா முகத்துல நான் முழிக்க முடியாது."

ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் கேட்டிருப்பான். இருவருமே சொன்னதால் தராசு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தான். கார் நேராகத்தான் போனது. சாலைதான் வளைந்துவிட்டது.

கீழ்ச் சாலையில் மெத்தைக் கடைக்குப் பஞ்சு ஏற்றிக்கொண்டு ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. கார் அதன்மேல் பூனைக்குட்டி போல வந்து உட்கார்ந்தது. லாரிக்காரருக்கு விஷயமே தெரியாது; எங்கள் தெருமுனையில் டீ குடிக்க நிறுத்தியபோது மூவரும் இறங்கி நன்றி சொன்னார்கள். அத்தானின் காதோரத்தில் ஒட்டியிருந்த பஞ்சை மச்சான் எடுத்துவிட்டார். மச்சானின் புருவத்தை அத்தான் ஊதிவிட்டார். பெண் வாசலில் கொண்டாட்டமாய்க் குதித்தாள்.

மறுநாள் கிரேன் கொண்டுவந்து பள்ளத்திலிருந்து மூன்று உடல்களை மேலே எடுத்தார்கள். உள்ளே நடந்ததைச் சொல்ல, காரில் நான்காவதாக யாரும் இல்லை.