எந்தப் பை?

அது காலையா மாலையா என்பதில் இதைச் சொல்பவருக்கு இன்றும் சந்தேகம்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் ஜன்னல் வெயில் விழுந்திருந்ததாக நினைவு. அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது என்று படுத்திருந்தவரின் மகள் சாதிக்கிறாள். பலருடைய வாயில் புரண்டு வந்த கதை. யார் பேச்சு யாருடையது என்பதுகூடச் சற்று மாறியிருக்கலாம். பலகையில் எழுதியிருந்த அந்த ஓரெழுத்தில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

எழுதியவர் பை தைப்பவர். பேருந்து நிலையத்தின் பின்பக்கம் ஒற்றைக் கதவு அகலத்தில் கடை. ஜிப் போனவை, வார் அறுந்தவை, அடி விட்டவை எல்லாம் அவரிடம்தான் வரும். 'பை டாக்டர்' என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து பழைய தையலைப் பிரித்துக் கொடுப்பது அவர் மனைவி. இருவருக்கும் பேச்சு குறைவு. மெஷின் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அவர் வாயில் எப்போதும் இரண்டு குண்டூசிகள் இருக்கும் என்பதால், அவள் எதையாவது கேட்டால் கண்ணை இறுக மூடித் திறப்பார். அப்படியென்றால் 'ஆமாம்' என்று அர்த்தம்.

வாடிக்கையாளர்களிடம் மட்டும் பேசுவார். "இந்த பேக்கைக் கொஞ்சம் பாருங்க" என்று யாராவது நீட்டிவிட்டால் போதும்.

"பேக்கு பேக்குன்னா என்னைத் திட்டுற மாதிரி இருக்குங்க. இது தோள்பை. அந்தம்மா வச்சிருக்கறது கைப்பை. மூலையில கிடக்கறது கட்டைப்பை. ஒவ்வொண்ணுக்கும் தையல் வேற."

சுருக்குப்பை, துணிப்பை, கோணிப்பை என்று எதையும் அடைமொழி இல்லாமல் அவர் சொன்னதில்லை. எந்தப் பையையும் வெறும் 'பை' என்று அவர் சொல்லி அவள் கேட்டதே கிடையாது.

அவருக்குத் தொண்டையில் ஒரு கட்டி வந்து, அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். கழுத்தில் குழாய் இருந்ததால் பேச முடியாது. நர்ஸ் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கரும் கொடுத்திருந்தாள். வலது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. எழுதுவதானால் இடது கையால்தான்.

மகள் ஆபீசிலிருந்து நேராக ஓடிவந்தாள். லேப்டாப்போடு கனத்த தன் தோள்பையைக் கட்டிலோரம் மாட்டிவிட்டு, அப்பாவின் தலையைக் கோதிக்கொண்டு உட்கார்ந்தாள். கொழுந்தனார் பழம் வாங்கி வந்திருந்தார். கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் படுத்திருந்தவருக்கு நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. கால்களை மடக்கினார், நீட்டினார். முகம் வெளுத்தது. பலகையைக் காட்டிச் சைகை செய்தார். மகள் பிடித்துக்கொள்ள, மார்க்கர் இரண்டு முறை வழுக்கி, மூன்றாவது முறை எழுத்து விழுந்தது. பை.

மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உதடு கோணியது.

"அம்மா, அப்பா பை சொல்றார்மா."

"என்ன பை?"

"கிளம்பும்போது சொல்லுவோமே, அந்த பை. போன்ல நான் 'பைப்பா'ன்னா, அவரும் 'பை பை'ம்பாரே."

மனைவி பலகையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். உண்மைதான். மகளிடம் மட்டும் கேலியாக அப்படிச் சொல்வார். அடைமொழி இல்லாமல் எதையும் சொல்லாத மனிதர் வெறும் 'பை' என்று எழுதினால், அது வேறு எதுவாக இருக்க முடியும்? இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்துவிட்டு, தன்னிடம் ஒரு வார்த்தை இல்லாமலா?

கொழுந்தனார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"சும்மா இரு பாப்பா. விருந்துக்குப் போனா, போயிட்டு வரேன்னு நாலு தரம் சொல்லிட்டு வாசல்ல நின்னு அஞ்சாம் தரமும் சொல்ற மனுஷன். ஒத்தை எழுத்துல முடிச்சுக்குவாரா? பையைத்தான் கேக்கறார்." பழப் பையைத் தூக்கிக் காட்டினார். "இதுவா அண்ணே?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாருங்க அண்ணி, கோவம் வருது. கோவம் வர்ற வரைக்கும் பயமில்ல."

"சித்தப்பா, விளையாடாதீங்க" என்று மகள் விம்மினாள்.

மனைவி கட்டிலை நெருங்கி வந்தாள். கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விடைபெறுகிறவர் முகம் இப்படி இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. வாடிக்கையாளர் நிற்க, மெஷின் நின்றுபோக, அவள் தப்பான நூலை நீட்டும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"எந்தப் பைங்க?"

அவர் விரல்கள் மார்க்கரைத் தேடி, எடுக்க முடியாமல் விழுந்தன.

"சரி, என்ன போச்சு? ஜிப்பா?"

"அம்மா, இப்பப் போய் கடைப் பேச்சா?"

"வாரா?"

அவர் கண்கள் அப்படியே நிலைத்திருந்தன.

"கொக்கியா?"

கண்களை இறுக மூடித் திறந்தார்.

"கொக்கியா?" என்று மறுபடி கேட்டாள். மறுபடியும் மூடித் திறந்தார்.

அவள் கட்டிலோரம் குனிந்தாள். சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை தொங்கும் கொக்கி அங்கேதான் இருந்தது. அதே கொக்கியில் மகளின் தோள்பை. அதன் கனத்தில் சிறுநீர் இறங்கும் குழாய் இரண்டாக மடிந்து கம்பியோடு நசுங்கியிருந்தது. கீழே அந்த பிளாஸ்டிக் பை சப்பையாகத் தொங்கியது. அவள் தோள்பையை எடுத்துவிட்டு, குழாயைத் தொடப் பயந்து, நர்ஸை அழைத்தாள்.

நர்ஸ் வந்து மடிப்பை நீவிவிட்டு, அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். குழாயில் மஞ்சளாக ஓட ஆரம்பித்தது.

"நல்லவேளை பார்த்தீங்க. இப்படியே விட்டிருந்தா ரொம்பச் சிக்கலாயிருக்கும்."

அவர் நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. மூச்சு நிதானமானது.

"நான்தான்மா மாட்டினேன்" என்றாள் மகள், குரல் எழும்பாமல்.

"தெரியாம செஞ்சது. போய் முகத்தைக் கழுவிட்டு வா."

"பை ரொம்பலன்னு மனுஷன் எழுதினா, பொண்ணு வழியனுப்பியே வச்சிருச்சு" என்றார் கொழுந்தனார்.

படுத்திருந்தவரின் தோள்கள் சத்தமில்லாமல் குலுங்கின.

"சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்" என்று நர்ஸ் அதட்டினாள்.

"பிரிஞ்சா அண்ணனே போட்டுக்குவார் சிஸ்டர்."

எல்லாரும் வெளியே போன பிறகு அவள் கட்டிலருகே உட்கார்ந்தாள். யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது. வாயை மூடாத கொழுந்தனாருக்கா, நர்ஸுக்கா? பலகையில் அந்த எழுத்து அழியாமல் இருந்தது. பழக்கமில்லாத கையால், உயிர் போகிற வலியில், எழுத முடிந்தது அவ்வளவுதான். மீதியை இவள் கேட்டுத் தெரிந்துகொள்வாள் என்று விட்டுவிட்டார். இந்த நம்பிக்கையைத் தனக்குக் கொடுத்ததற்காக அவருக்கே நன்றி சொல்லலாம். ஆனால் அவர்கள் வீட்டில் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. அவர் இடது உள்ளங்கையில் தன் கையை வைத்தாள். அவர் அதை விலக்கவில்லை. அப்படியே தூங்கிப்போனார்.

அவருக்குக் குரல் திரும்பியது, கொஞ்சம் கரகரப்பாக. கடை அதே இடத்தில்தான் நடக்கிறது. இப்போது பாதி நேரம் அவள் மெஷினில் உட்காருகிறாள். மகள் வேலை மாற்றிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கே வந்துவிட்டாள். கொழுந்தனார் போன மழைக்காலத்தில் காலமானார். அந்த நர்ஸ் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். பார்க்க வேண்டுமென்று விசாரித்தார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.