இரண்டு தரம் என் பெயர்

“என் பெயரையும் இரண்டு தரம் அச்சிடுங்கள்” என்று ஜெர்மனில் சொன்னேன்.

சுவிஸின் லாங்கன்தால் நகரில், பச்சை அணிக் கட்சியின் கூட்ட அறையில் கோப்பிக் கரண்டிகள் நின்றன. இடம் கேட்கவே கூடாது, தந்தால் வாங்கிக்கொள் என்று எனக்குச் சொல்லித்தந்த தயாபரன் அண்ணை மேசைக்குக் கீழே என் சப்பாத்தை மிதித்தார். எனக்கு முன் இந்த அணியில் இருந்த ஒரே தமிழர் அவர்.

எங்கள் நகரசபைத் தேர்தலில் வாக்காளர் கட்சிப் பட்டியலில் பிடிக்காத பெயரைப் பேனையால் வெட்டலாம். வாயில் நுழையாத பெயரென்றால் கோடு தானாக விழும். போன தரம் அண்ணையின் பெயரை அப்படித்தான் வெட்டித் தள்ளினார்கள். கட்சி யாரை வெல்லவைக்க நினைக்கிறதோ அவர் பெயரை இரண்டு தரம் அச்சிடும். ஒவ்வொரு பட்டியலிலும் அவருக்கு இரண்டு வாக்கு. இம்முறை அது தலைவர் ஊர்ஸுக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும். எனக்குக் கடைசி இடம், ஒரே தரம்.

விளம்பரப் படத்துக்கு மட்டும் நான் வேண்டும். மூலையில் நிற்கும் ஆளுயர விளம்பர மட்டையில், பூட்ஸோடு ஆற்றில் இறங்கி போத்தலில் தண்ணீர் அள்ளுவது நான்தான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான நான் அந்த ஆற்றைப் பற்றித்தான் படித்தேன். அதைப் பற்றிப் பேட்டி கொடுத்தது ஊர்ஸ்.

“மிதுஷா, நீ இளையவள். உனக்குக் காலம் இருக்கிறது” என்றார் ஊர்ஸ்.

“ஆற்றுக்கு?”

வாக்கெடுத்தார்கள். எனக்கு எதிராகக் கைகள் உயர்ந்தன. அண்ணையின் கை மேசையிலேயே கிடந்தது. எனக்காகவும் அது உயரவில்லை.

“இந்த முறை கடைசியில நில் பிள்ளை. அடுத்த முறை பாப்பம்” என்றார் தமிழில், மெல்ல.

“போன முறை உங்களுக்கும் இதைத்தானே சொன்னவங்கள்?”

கோப்பியைப் பார்த்தார். “ஓம்.” பிறகு, “கொம்மாவுக்கு நான் என்னத்தச் சொல்ல? உன்னை இஞ்ச கூட்டிவந்தது நானெல்லோ.”

“அம்மாவிட்ட, உங்கட மேள் தனிப் பட்டியல் போடப் போறாள் எண்டு சொல்லுங்கோ. நேற்றே விசாரிச்சிட்டன். கொஞ்சப் பேர் கையெழுத்து வைச்சால் காணும்.”

“விசரி! ஆர் வைக்கப் போகினம்?”

“முதல் ஆள் நீங்கள். என்ர பட்டியலில உங்கட பேர் இரண்டு தரம் வரும்.”

நான் எழுந்து மூலையிலிருந்த மட்டையைத் தூக்கினேன்.

“அது அணியின் சொத்து” என்றார் ஊர்ஸ்.

“முகம் என்னுடையது.”

மட்டை வாசலில் இடித்தது. சரித்துப் பிடித்தேன். முதலில் மட்டையில் இருந்தவளின் பூட்ஸ் வெளியே போயிற்று, பின்னால் நான்.